நோட்டு உங்கள் நிலையத்தில்தான் இருக்கிறது

மதிப்பிற்குரிய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

புதன்கிழமை குறைதீர் முகாமில் உங்கள் கையிலேயே மனு கொடுத்தவள் நான். "பார்க்கிறேம்மா" என்று சொல்லிப் பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் கொடுத்தீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவும் உங்களுக்கே அனுப்பப்பட்டது. முதல்வரின் முகவரிக்கு அனுப்பிய மனு எங்கெங்கோ சுற்றி, எந்தக் காவல் நிலையத்தின் மேல் புகார் சொல்லியிருந்தேனோ அதே நிலையத்துக்கு விசாரணைக்குப் போனது. மனுதாரரை விசாரித்ததில் குறை ஏதும் இல்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. மனுதாரர் நான்தான். என்னை யாரும் விசாரிக்கவில்லை. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் அப்பா கொல்லர். தாத்தாவும் கொல்லர். திருப்பாச்சேத்தி அளவுக்கு அரிவாளுக்குப் பேர்போன ஊர் அல்ல எங்களுடையது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் களைகொட்டு மழுங்கினாலும், அரிவாள்மனைக்குப் பல் வைக்க வேண்டுமானாலும், பனையேறிக்குப் பாளை அரிவாள் வேண்டுமானாலும் எங்கள் பட்டறைக்குத்தான் வருவார்கள். எது ஆயுதம், எது விவசாயக் கருவி, ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2021 செப்டம்பரில் மாநிலம் முழுவதும் ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது அரிவாள் பட்டறைகளுக்கும் போலீசார் வந்தார்கள். வாங்குகிறவர் பெயர், ஊர், கைபேசி எண் எழுதிவைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்றார்கள். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அம்மாவின் சீட்டுப் பணத்தில் கேமரா வந்தது. நீளநோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டார்கள். அப்பாவுக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதுவார். கீழத்தெரு இன்னார், பன்னரிவாள் இரண்டு. மேலூர் இன்னார், தேங்காய் வெட்டுகிற அரிவாள் ஒன்று, பழைய பூண். கொஞ்ச நாளில் அப்பாவுக்கு அந்த நோட்டு பிடித்துப்போனது. யாருடைய அரிவாள் எப்போது மறுபடி உலைக்கு வரும் என்று அதைப் பார்த்தே சொல்லுவார்.

உங்கள் உத்தரவு வருவதற்கு முன்பும் அப்பாவிடம் ஒரு கணக்கு இருந்தது. அரிவாள் கேட்டு வருகிறவரிடம் முதலில் "எதை வெட்ட?" என்று கேட்பார். முள்ளா, தென்னை மட்டையா, கரும்பா, எந்த ஊர் வயல் என்று விசாரிப்பார். முள் வெட்டுகிற அரிவாளுக்கு மூக்கு வளைவு வேறு, கரும்புக்கு எடை வேறு, பாளை சீவுவதற்குக் கனம் வேறு. வயலும் மரமும் சொல்லத் தெரியாதவனுக்கு அவர் அடித்துக் கொடுத்ததில்லை. கை நிறையப் பணத்தோடு வந்து நீளமாக ஒன்று கேட்ட இளைஞர்களை அவர் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். தென் மாவட்டங்களில் அரிவாளால் சிந்திய ரத்தம் எங்களுக்குத் தெரியாதது அல்ல. சாதியின் பேரால் வெட்டுப்பட்டவன் வீடு எங்கள் ஊரிலும் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அரிவாள்மனை செய்து கொடுத்தவர் என் அப்பா.

தை அறுவடைக்கு முந்தின சமயம். இயந்திரம் இறங்க முடியாத சேற்று வயலுக்கும் சாய்ந்து கிடக்கிற பயிருக்கும் இன்றும் கையரிவாள்தான் வேண்டும் என்பதால் பட்டறையில் சரக்கு அடித்து அடுக்கியிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு கொலை. இரவு பத்து மணிக்கு மேல் ஜீப் வந்தது. அப்பாவை ஏற்றினார்கள். எதற்கு என்று கேட்ட அம்மாவிடம் யாரும் பதில் சொல்லவில்லை. பன்னரிவாள், களைகொட்டு, கறிக்கத்தி, அரிவாள்மனை என்று அடுக்கியிருந்த அத்தனையையும் சாக்கில் அள்ளினார்கள். கேமராப் பெட்டியைக் கழற்றினார்கள். நோட்டையும் எடுத்தார்கள். எதற்கும் ஒரு துண்டுச் சீட்டு கூடக் கொடுக்கவில்லை.

மாசி சிவராத்திரிக்குக் கருப்பசாமிக்குச் சாத்துவதற்காக ஒரு குடும்பம் சொல்லியிருந்த ஏழடி அரிவாள் சுவரோரம் சாத்தியிருந்தது. நேர்த்திக்கடன் அரிவாள் அடிக்கிற நாளெல்லாம் அப்பா விரதம் இருப்பார், செருப்புப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் போகமாட்டார். அதையும் தூக்கி ஜீப்பில் போட்டு, மேலே பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு போனார்கள். சாமிக்குச் செய்தது என்று அம்மா அழுது சொன்னார். ஏழடி நீளத்தில் இருபக்கமும் கூர் தீட்டாத ஒரு இரும்பைக் கொண்டு யாரைக் கொல்ல முடியும் என்று அங்கிருந்த ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அறுபதைத் தாண்டியவரை அந்த இரவும், மறுநாளும், அதற்கடுத்த இரவும் நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். ரத்தக்கறையோடு ஒரு அரிவாளைக் காட்டி, "நீ அடிச்சதுதானே?" என்று கேட்டார்கள். அப்பா பார்த்துவிட்டு இல்லை என்றார். காரணமும் சொன்னார். அவர் லாரிப் பட்டையை வாங்கிச் சீமைக்கருவேலக் கரியில் காய்ச்சி அடிப்பவர். அவர்கள் காட்டியது தகட்டை அறுத்து கிரைண்டரில் தேய்த்தது. சம்மட்டி படாத இரும்பு. பிடியாகக் குழாயை வெல்டிங் வைத்திருந்தார்கள். அப்பாவின் அரிவாளில் கழுத்துக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி குத்தியிருக்கும், தாத்தா காலத்து அடையாளம் அது. இதில் புள்ளி எதுவும் இல்லை. இவ்வளவையும் சொன்னார். இந்த மாவட்டத்திலேயே அந்த ஆயுதத்தைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர் அன்றைக்கு அவர்தான். உங்கள் விசாரணைக்கு உதவியாக இருந்திருக்க வேண்டியவர். அவருக்குக் கிடைத்த பதில், "கொலைகாரனுக்குக் கத்தி குடுத்து சம்பாதிக்கிறவன் தானடா நீ."

என் அப்பாவை அதற்கு முன் யாரும் டா போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கொலை வழக்கின் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அதில் அப்பாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. சாட்சியாகக்கூட இல்லை. ஆனால் சரக்கு திரும்பி வரவில்லை. நிலையத்தின் பின்புறம் மழையில் கிடந்து துருப்பிடிப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அறுவடை முடிந்தது. சிவராத்திரியும் முடிந்தது. அந்தக் குடும்பம் வேறு ஊரில் அரிவாள் வாங்கிச் சாத்திவிட்டு, அப்பாவுக்குக் கொடுத்த முன்பணத்தைக் கேட்கவே இல்லை. அவர்களாவது நாங்கள் பட்டதைப் புரிந்துகொண்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் நான் இந்த மடலை எழுதக் காரணம். சில வாரம் கழித்து ஒரு சார்பு ஆய்வாளர் சோதனைக்கு வந்தார். வந்ததும் கேட்டது, "நோட்டு எங்கே?" நோட்டு உங்கள் நிலையத்தில்தான் இருக்கிறது என்று அம்மா சொன்னார். எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்றார். கொடுக்காத சீட்டை அம்மா எங்கே போய்த் தேடுவார்? கேமராவில் பதிவு எங்கே என்றார். அந்தப் பெட்டியும் நிலையத்தில்தான் இருந்தது. பதிவேடு பராமரிக்கவில்லை, கேமரா இயங்கவில்லை என்று அப்பாவின் மேல் வழக்கு எழுதிவிட்டுப் போனார். உங்கள் ஆட்கள் எடுத்துப்போனதை வைத்திருக்கவில்லை என்பதற்காக உங்கள் ஆட்களே போட்ட வழக்கு இது. இதைப் படித்துவிட்டும் "பார்க்கிறேம்மா" என்றுதான் சொல்வீர்களா?

இன்னொரு இழப்பு உண்டு. அதற்கு எந்த நீதிமன்றத்திலும் கணக்கு வராது.

அப்பாவிடம் ஒரு பையன் தொழில் கற்றுக்கொண்டிருந்தான். எங்கள் உறவு இல்லை, எங்கள் சாதியும் இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமா படித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தவன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2015இல் தொடங்கிய ஃபோர்ஜ்டு இன் ஃபயர் நிகழ்ச்சியைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, விடுமுறை நாளில் வந்து உலை ஊதத் தொடங்கினான். பொழுதுபோக்காக வந்தவன் வேலையை விட்டுவிட்டு முழுநாளும் வரத் தொடங்கினான். தோய்ச்சல் போடுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். கோவைப்பழச் சிவப்பு வரும்வரை காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் நீரில் தோய்த்து எடுத்து, முதுகில் மிச்சம் இருக்கிற சூடு வாயை நோக்கி இறங்குவதை நிறத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடிவரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். கறிக்கத்தியை மஞ்சளிலேயே நிறுத்த வேண்டும். விறகு வெட்டுகிற அரிவாளை ஊதாவில் நிறுத்த வேண்டும். நீலம் வரவிட்டால் வாய் மடங்கும், முன்னாலேயே நிறுத்தினால் முள்ளில் பட்டுச் சில்லு தெறிக்கும். அப்பா கண்ணால் பார்த்துச் செய்ததை அந்தப் பையன் டிகிரிக் கணக்கில் எழுதிக்கொண்டான். அவன் எழுதியதைப் பார்த்து அப்பாவே சிலவற்றைத் திருத்திக்கொண்டார். சென்னை, பெங்களூர்ச் சமையல்காரர்களுக்கு இருவரும் சேர்ந்து கையடிக் கத்தி செய்து அனுப்பத் தொடங்கினார்கள். அப்பா தன் வாழ்நாளில் கேட்டிராத விலை கிடைத்தது. அச்சில் அடித்த எவர்சில்வர் கத்தி வந்து சந்தையை நிரப்பியபோதும், அறுவடை இயந்திரம் வந்தபோதும் இந்தத் தொழில் இனி இல்லை என்று சொன்னார்கள். அப்படியில்லை என்று காட்டுவதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆள் அவன்.

அப்பாவை ஜீப்பில் ஏற்றிய மறுநாள் காலையில் அவனுடைய அப்பா வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பார்சல் கிடங்கு ஒன்றில் இப்போது பெட்டி தூக்குகிறான். அவன் அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. போலீஸ் ஜீப் வருகிற வீட்டுக்கு யார்தான் பிள்ளையை அனுப்புவார்கள்? நம் ஊரில் கொல்லன் பிள்ளையே கொல்லுவேலைக்கு வரத் தயங்குகிற காலத்தில், தானாக விரும்பி வந்தவனை நீங்கள் துரத்தினீர்கள்.

நான் தனியார் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். 2025 ஜனவரி 23 அன்று, தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று முதலமைச்சர் அறிவித்ததை வகுப்பில் பெருமையோடு சொன்னேன். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு வாள்களைப் பார்க்கப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக ஆசை. கொடுமணலில் உருக்கு செய்த உலைகளைப் பற்றிச் சொல்கிறேன். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு கத்தி செய்பவரோடு சேர்ந்து இந்திய உருக்கின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டதைச் சொல்கிறேன். அந்த இரும்பை அடித்த கைகளின் வாரிசு, பிள்ளைகளின் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரை நீங்கள் என்ன சொல்லி அழைத்தீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அகழ்வாராய்ச்சியில் கிடைத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம். உயிரோடு இருப்பவரைப் பெஞ்சில் உட்கார வைக்கிறோம்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஜப்பானில் வாள் வைத்திருப்பதற்கு 1958 முதல் கடுமையான சட்டம் இருக்கிறது. வாள் செய்ய விரும்புகிறவர் உரிமம் பெற்ற ஆசானிடம் பல ஆண்டு பயின்று, அரசின் பண்பாட்டு முகமை நடத்துகிற பயிற்சியையும் முடிக்க வேண்டும். அதே நாடுதான் சக்காய் நகரத்துக் கத்திகளை 1982இல் மரபுக் கைவினையாக அறிவித்தது. கண்காணிக்கவும் செய்கிறார்கள், மரியாதையும் கொடுக்கிறார்கள். கைபேசியில் தட்டினால் வேட்டைக் கத்தி வீட்டு வாசலுக்கு வருகிற காலத்தில், வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து "எதை வெட்ட?" என்று கேட்கிற ஒரே கடைக்காரர் உங்களுக்குப் பகையாகத் தெரிகிறாரா? அவர் பட்டறையை மூடவைத்துவிட்டால், தகட்டை அறுத்துக் குழாய் வைத்துக் கொடுக்கிறவனிடம் நீங்கள் எந்த நோட்டைக் கேட்பீர்கள்?

உங்கள் வீட்டுச் சமையலறையிலும் ஒரு கத்தி இருக்கும். அதைச் செய்தவனையும் யாரோ சந்தேகப்பட்டிருந்தால் அது உங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

கேமராப் பெட்டி வேண்டும். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சரக்கும் வேண்டும். சாமி அரிவாளை அந்தக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும். நோட்டைப் பட்டறையில் வைத்து, பகலில், எங்கள் தெரு பார்க்க, அப்பாவின் கையில் கொடுக்க வேண்டும். அவர்மேல் போட்ட வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். அவரை அப்படிப் பேசியவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்க வைக்க உங்களால் முடியும், அதைச் செய்வதும் செய்யாததும் உங்கள் மனசாட்சி.

இன்னொன்றும் செய்யுங்கள். சீருடையில் ஒருவரை அந்தப் பையனின் வீட்டுக்கு அனுப்புங்கள். பட்டறையில் நடப்பது நேர்மையான தொழில், உங்கள் மகன் அங்கே போவதால் எந்தப் பழியும் வராது என்று அவனுடைய அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டோம், கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தார், பதில் சொல்லவில்லை. பயத்தை உண்டாக்கியது நீங்கள். அதைப் போக்க வேண்டியதும் நீங்கள்தான். அப்பாவின் கை இன்னும் சில வருடம்தான் சம்மட்டி தூக்கும். அதற்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொல்லரின் மகள்