கழுத்து வலியா? தோளைக் கவனியுங்கள்!

கடலூர் முதுநகர் மீன்பிடி துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் நிரப்பி, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து விற்கும் பெண்களுக்குக் கழுத்து வலி புதிதல்ல. வலிக்கிறதே என்று ஒரு வாரம் படுத்தால், அந்த வார வருமானம் போச்சு. அதனால் தைலம் தேய்த்து, மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் கூடையைத் தூக்குகிறார்கள். வலி அடங்கும், சில நாளில் திரும்ப வரும்.

காரணம், பல நேரம் கழுத்தில் மட்டும் இல்லை. முதுகின் மேல்பக்கம் இருபுறமும் உள்ள தட்டையான தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் தசைகள்தான். அதைக் கீழிருந்து பிடிக்கும் தசைகள் சோர்ந்துவிட்டால், தோளிலிருந்து கழுத்துக்குப் போகும் தசைகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து இறுகிப்போகின்றன. தைலம் இறுக்கத்தைத் தளர்த்தலாம். சோர்ந்த தசைக்குப் பலம் தராது.

இந்தப் பலத்தின் அருமை நாட்டியம் ஆடுபவர்களுக்குத் தெரியும். சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி நடக்கும் நாட்டியாஞ்சலியில் ஆடுபவர்களைக் கவனியுங்கள். கைகள் தோள் உயரத்தில் நீண்டிருக்கும். தோள்கள் காதை நோக்கி ஏறாது. அதற்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சி இருக்கிறது.

கூடை தூக்காதவர்களும் தப்பவில்லை. தலையின் எடை சுமார் 5 கிலோ. செல்போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால், கழுத்தில் விழும் பாரம் சுமார் 27 கிலோ என்கிறது ஒரு கணக்கீடு.

வீட்டிலேயே செய்யக்கூடிய 4 பயிற்சிகள் இதோ. ஒவ்வொன்றும் 10 முறை, தினமும் இரண்டு வேளை.

1. நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பாருங்கள். தலையைக் குனியாமல், தாடையை மட்டும் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள்.

2. இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்பக்கமாக நெருக்கி, லேசாகக் கீழே இறக்குங்கள். 5 விநாடி. தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது.

3. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்குங்கள். பிறகு தள்ளி நிமிருங்கள். கை நீண்ட பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். அந்தக் கடைசித் தள்ளலில்தான் பலன்.

4. நெற்றியில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துங்கள். தலை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். 5 விநாடி. இதேபோல் பின்தலையிலும் இரு பக்கங்களிலும் செய்யுங்கள்.

லேசான இழுப்பு இருக்கலாம். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். பலம் கூட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. சுமை தூக்குபவர்கள் முதல் நாளே முழுக் கூடையைத் தூக்க வேண்டாம். ஒரு நடை கூடுதலானாலும் பரவாயில்லை, பாதிப் பாரத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டுங்கள்.

சலூனில் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். அரிதாகவே நடந்தாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி ஆகியவற்றுக்குப் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலியோடு தோளும் கழுத்தும் வலித்தால் 108-ஐ அழையுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஒரு முறை நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொண்டால், பிறகு தேவைப்படுவது ஒரு சுவரும் தினமும் கால் மணி நேரமும்தான்.