தூணை மாற்றலாம், நிலம் யாருடையது?

ஜோர்ஜ்டவுன் – பினாங்கு, பெங்காலான் வெல்ட் சாலையோரம் கடலுக்குள் நீண்டு நிற்கும் சீனக் குலப் படகுத்துறைகளைச் சீரமைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பலகை, தூண், தகரக் கூரை என்றே அது ஓடுகிறது. குடியிருப்போருக்கு முதல் சிக்கல் அதுவல்ல. வீட்டுக்குக் கீழே உள்ள இடம் அவர்களுடையது அல்ல.

சியூ, லிம், டான், லீ எனக் குலப்பெயர் தாங்கிய இத்துறைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கியவை. மீன்பிடிப்பதும் படகோட்டுவதும் சரக்கு ஏற்றி இறக்குவதுமே பிழைப்பு. கோய், பெங் அவுன் ஆகிய இரு துறைகள் 2006இல் வீடமைப்புத் திட்டத்திற்காக இடிக்கப்பட்டன. 2008 ஜூலையில் மலாக்காவுடன் ஜோர்ஜ்டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, எஞ்சியவை தப்பின.

தப்பினாலும் பழுதுபார்க்கும் செலவு குறையவில்லை. உப்புநீரில் நிற்கும் மரத்தூணைக் கடற்புழு அரிக்கிறது. அதனால் பல வீடுகளுக்குக் கான்கிரீட் தூண் வந்துவிட்டது. பாரம்பரிய ஆர்வலர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆடும் வீட்டில் படுத்துறங்குவது அவர்கள் அல்லவே!

மரத்தூணே வேண்டுமென்றால் பணம் வேண்டும். இங்கு பெரும்பாலோரிடம் இருப்பது டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். தேசிய நிலச் சட்டப்படி அது அந்த ஆண்டு டிசம்பரோடு முடிகிறது. பிறருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. இதை அடகு வைத்து எந்த வங்கியில் கடன் கேட்பது? ஆகவே சியூ துறையில் வீட்டு முன்கூடம் நினைவுப்பொருள் கடையாகிறது. கட்டடத்தைக் காப்பாற்றுவது சுற்றுப்பயணிகளின் காசு, மீன்வலை அல்ல.

டிஓஎல் என்ற சொல் நம்மவருக்குப் புதிதன்று. மாடு வளர்த்த இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலாவிலும் ஒரு காலத்தில் அதே உரிமம்தான் இருந்தது. அக்கிராமம் 2009இல், அதாவது யுனெஸ்கோ அங்கீகாரத்துக்கு அடுத்த ஆண்டே, இதே பினாங்கில் இடிக்கப்பட்டது. அது பாரம்பரிய வட்டாரத்துக்கு வெளியே இருந்தது.

கடல்நிலத்தையும் 99 ஆண்டுக்கு மிகாத குத்தகையில் வழங்க மாநில அரசுக்குச் சட்டம் இடம் தருகிறது. குத்தகை கிடைத்தால் தங்கும் விடுதிக்காரருக்கு விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு, வாழும் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் மாற்றக்கூடாது என்ற நிபந்தனையைக் குத்தகையிலேயே எழுதிவிடலாம்.