புளூட்டோவுக்கு ஓர் ஆறுதல்

2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அமெரிக்கப் பாடலாசிரியர் ஜோனதன் கோல்டன் அதை வைத்தே ஒரு பாட்டு எழுதினார். அதில், பட்டம் பறிபோன புளூட்டோவுக்கு அதன் நிலா சாரன் ஆறுதல் சொல்கிறது. கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் சாரனும் புளூட்டோவும் ஒன்றுக்கொன்று எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றுபவை. அது தெரிந்தால் தொண்டை அடைக்கும். வேலை போய் வீடு திரும்பியவனின் தோளில் மனைவி கைவைப்பது போன்ற பாட்டு அது.

கோல்டன் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, 2005 முதல் ஓராண்டு, வாரம் ஒரு பாட்டு எழுதியவர். அவருடைய 'கோட் மங்கி' பாட்டில் வரும் புரோகிராமருக்கு, வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சோடா வேண்டுமா என்று கேட்பதற்குமேல் காதலைச் சொல்லத் தெரியாது. பாவம்! இவற்றை வேடிக்கைப் பாட்டென்று ஒதுக்காதீர்கள். சிரித்து முடித்தபின் இன்னொருமுறை கேளுங்கள்.