தங்கத்துக்கு ஏலம், நெஞ்சுக்கு என்ன?

எங்க ஊர் ஆண்டர்சன்பேட்டை. கே.ஜி.எஃப். என்றால் இப்போது எல்லோருக்கும் சினிமா ஞாபகம் வருகிறது. எனக்கு வருவது என் தாத்தாவின் இருமல். சுரங்கத்தில் டிரில்லிங் மிஷின் பிடித்தவர். கடைசிவரை டி.பி. என்றே மருந்து கொடுத்தார்கள். நெஞ்சில் கல்தூசி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

பழங்கதை எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அரைத்துக் கொட்டிய மண் மட்டும் மலைமலையாக அங்கேயே நிற்கிறது. அந்த 13 மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் ஏலத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. ஆயிரம் ஏக்கர் சொச்சம். வேலை வரும் என்று ஊரில் சந்தோஷம். எனக்கும்தான்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு டொரண்டோவில் ஒரு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எங்கள் தொழிலின் பாலபாடம் ஒன்று உண்டு: பழைய பாக்கியைக் கணக்கில் காட்டாமல் புதுக் கடன் கொடுக்காதே.

பழைய பாக்கி எவ்வளவு? 1940-களில் கோலார் சுரங்கத் தொழிலாளர்கள் 7653 பேரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. நம் ஜனங்கள் சயனைடு என்ற பெயருக்குத்தான் பயப்படுகிறார்கள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளாவட்டத்தில் சிதையும். சிலிகா சிதையாது. அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அறிவித்துவிட்டது. கூடவே பீடியும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

காற்றடிக்கிற காலத்தில் அந்தத் தூசி சுரங்கக்காரன் வீட்டோடு நிற்பதில்லை. ராகியும் தக்காளியும் போடுகிற பக்கத்துக் கிராமங்களுக்கும் போகிறது. சுரங்கக்காரனுக்காவது ஒரு டோக்கன் நம்பர் இருந்தது. குடியானவனுக்கு அதுவும் இல்லை.

"மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சே, இப்போ எதுக்கு?" என்பார்கள். இந்த நோய் தலைகாட்டவே பத்து, இருபது வருஷம் ஆகும் ஐயா! "ஆதாரம் எங்கே?" என்பார்கள். சோதித்தால்தானே ஆதாரம்? முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள்தான் உண்டு. அவை அவசியம், சரி. நுரையீரல் அதில் இல்லையே!

இங்கே ஒன்டாரியோ ஒன்றும் யோக்கியம் இல்லை. சிலிகோசிஸ் வராது என்று சொல்லி 1943 முதல் 1979 வரை தங்கச்சுரங்கத் தொழிலாளிகளை அலுமினியத் தூளைச் சுவாசிக்க வைத்தார்கள். ஆனால் ஒரு தொழிலாளியின் மகள் விடாமல் பெயர்ப் பட்டியல் சேர்த்தார். 2022-ல் மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது.

நான் கேட்பது மன்னிப்புகூட இல்லை. முதல் லாரி மண் அள்ளுவதற்கு முன், பழைய தொழிலாளிகளுக்கும் மேடுகளைச் சுற்றியுள்ள கிராமத்தாருக்கும் மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. அதை எழுதிவைக்க ஒரு பதிவேடு. அள்ளும்போது தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும். செலவு ஏலம் எடுப்பவருடையது.

ஒரு டன் மண்ணில் எத்தனை கிராம் தங்கம் என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனுஷன் நெஞ்சில் எவ்வளவு மண் என்று அளக்கத் தெரியாதா?