கேஸ் ஷீட்டில் ஒரு பேர் வேணும்

1/ உங்க வீட்டுக் குழாயில் சாக்கடை நாத்தம் அடிச்சா எந்த ஆபீஸுக்குப் போகணும்? உடனே பதில் தெரிஞ்சவங்க கை தூக்குங்க. கிண்டியில் பல வருஷமா கிளினிக் வெச்சிருக்கேன். எனக்கே போன மாசம் வரைக்கும் சரியாத் தெரியாது. நீளமான இழைதான், பொறுமையா படிங்க.

2/ ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து மூணு பசங்க. காய்ச்சல், வாந்தி, கண்ணு மஞ்சள். மூணு பேருக்கும் ஹெபடைடிஸ் ஏ. அசுத்தமான தண்ணி, உணவு வழியா வர்ற மஞ்சள் காமாலை. "தண்ணி எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். "காலையில முதல் ரெண்டு குடம் நாறும் டாக்டர். அதைக் கொட்டிட்டு அப்புறம்தான் பிடிப்போம்."

3/ ஒரு பையனோட அப்பா ஆட்டோ ஓட்டுறவர். சவாரியை விட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சார். முதல் ஆபீஸ்: "இது எங்களது இல்லப்பா." ரெண்டாவது: "ரோடு வெட்டினவங்களைக் கேளுங்க." மூணாவது: "முதல்ல அவங்க லெட்டர் கொடுக்கட்டும்." திரும்ப முதல் ஆபீஸ். இப்படியே 11 நாள். யாரும் அவரைத் திட்டலை, லஞ்சம் கேட்கலை. எல்லாரும் மரியாதையாத்தான் அனுப்பி வெச்சாங்க.

4/ பன்னிரண்டாம் நாள் அதே தெருவிலிருந்து ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தர் மஞ்சள் கண்ணோட வந்தாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஏன்னா ஹெபடைடிஸ் இ-யும் இதே தண்ணி வழியாத்தான் வரும். கடைசி மூணு மாசக் கர்ப்பிணிகளுக்கு அது வந்தா நூத்துக்கு 20, 25 பேர் வரை இறக்கலாம். டெஸ்ட் வந்துச்சு. அவங்களுக்கும் ஏ-தான். தப்பிச்சாங்க. இதில் எந்த ஆபீஸுக்கும் பங்கு கிடையாது.

5/ இன்னொரு கணக்கு. ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் நோயா வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். அதாவது இன்னைக்கு வர்ற நோயாளி போன மாசம் குடிச்ச தண்ணிக்கு வர்றார். அந்த 11 நாள் குடிச்சவங்க அடுத்த மாசம் வருவாங்க. ஃபைல் தூங்கலாம், கிருமி தூங்காது.

6/ சரி, சென்னையில் யாருக்கு என்ன வேலை? சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.
மாநகராட்சி: குப்பை, தெருவிளக்கு, உள்தெரு ரோடு, மழைநீர் வடிகால், கொசு ஒழிப்பு, பிறப்பு இறப்புச் சான்று.
மெட்ரோ வாட்டர்: குடிநீர், பாதாளச் சாக்கடை.
நீர்வளத் துறை: அடையாறு ஆறு.
நெடுஞ்சாலைத் துறை: பெரிய சாலைகள் பல.
மின்வாரியம்: கம்பம், கேபிள்.
தாசில்தார், கலெக்டர்: பட்டா, வருவாய், சாதிச் சான்று.

7/ கவனிங்க. மழைநீர் வடிகால் ஒருத்தர், சாக்கடை இன்னொருத்தர், மேலே இருக்கிற ரோடு சில இடத்தில் மூணாமவர். பூமிக்கு அடியில் எல்லாம் ஒரு முழம் ரெண்டு முழம் தள்ளித்தான் ஓடுது. ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணுக்குள்ள போகும். தண்ணிக்குத் துறை தெரியாது.

8/ எப்பவும் இப்படி இல்லை. 1978க்கு முன்னாடி குடிநீரும் சாக்கடையும் மாநகராட்சிகிட்டயேதான் இருந்துச்சு. அந்த வருஷம் தனிச் சட்டம் போட்டு வாரியம் அமைச்சாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய ஊருக்குத் தனி இன்ஜினியர்கள், தனி நிதி வேணும்தான்.

9/ ஆனா ஒண்ணு யோசிங்க. மாநகராட்சியும் மெட்ரோ வாட்டரும் ஒரே துறைக்குக் கீழேதான் வருது: நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை. ஒரே அமைச்சர், ஒரே செயலாளர். மேலே ஒண்ணா இருக்கிறது, கீழே ஆட்டோக்காரர் நிக்கிற ஜன்னல்ல மட்டும் ஏன் ரெண்டாகுது?

10/ 1939லேயே இந்த மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துடுச்சு. இன்னைக்கும் அமலில் இருக்கு. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் மூணையும் ஒரே சட்டத்துக்குள்ள வெச்சாங்க. மூணும் ஒரே பிரச்சனைன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்தது.

11/ 1854, லண்டன். காலரா. டாக்டர் ஜான் ஸ்னோ ஒரு தெருப் பம்பு மேல சந்தேகப்பட்டு உள்ளூர் வாரியத்துகிட்ட போய்ச் சொன்னார். மறுநாளே பம்போட கைப்பிடியைக் கழட்டிட்டாங்க. அதுக்குள்ள நோய் குறைய ஆரம்பிச்சிருந்தது உண்மைதான். நான் பார்க்கிறது வேற: ஒரு டாக்டர், ஒரு ஆபீஸ், ஒரு நாள்.

12/ "ஆஸ்பத்திரியில மட்டும் பத்து டிபார்ட்மென்ட் இல்லையா டாக்டர்?"னு கேட்பீங்க. இருக்கு. ஆனா கேஷுவாலிட்டி ஒண்ணுதான். நெஞ்சு வலியோட வந்தவர்கிட்ட "இது இதயமா வயிறான்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டு வாங்க"ன்னு எந்த டியூட்டி டாக்டரும் சொல்ல முடியாது. எந்த யூனிட் அட்மிட் பண்ணுதோ அந்த யூனிட் சீஃப் பேர் கேஸ் ஷீட்டில் இருக்கும். மத்த டிபார்ட்மென்ட்டை நாங்க கூப்பிடுவோம். நோயாளி அலைய மாட்டார்.

13/ நான் கேட்கிறது இவ்வளவுதான். புகார் முதல்ல எந்த ஆபீஸுக்கு வருதோ, தீர்ற வரைக்கும் அது அந்த ஆபீஸோட கேஸ். வேற துறை வரணும்னா அதிகாரி கூப்பிடட்டும். புகார் எண் பக்கத்தில் ஒரு அதிகாரி பேர் இருக்கட்டும். "1913 இருக்கே"ம்பீங்க. நம்பர் இருக்கு. எனக்குப் பேர் வேணும்.

14/ இதே கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், குடிநீர் பரிசோதனைக் கூடம் இருக்கு. அதே வளாகத்தில் 2023ல் 1000 படுக்கை அரசு ஆஸ்பத்திரியும் வந்துச்சு. பெருமைதான். ஆனா படுக்கையை நிரப்புற குழாயை மூட ஒரு மேஜை வேணாமா?

15/ எங்க தப்பும் இருக்கு. மஞ்சள் காமாலைக்கு மருந்து எழுதிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுற டாக்டர்களில் நானும் ஒருத்தன். முதல் பையன் வந்த அன்னைக்கே மாநகராட்சி சுகாதாரத் துறைக்கு நான் சொல்லியிருக்கணும். மூணாவது பையன் வரைக்கும் காத்திருந்தேன்.

16/ நீங்க செய்ய வேண்டியது:
தண்ணி நாறினா, கலங்கினா குடிக்கிறதை நிறுத்துங்க. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடிங்க.
ஒரு வீடு சொன்னா "உங்க சம்ப்பைக் கழுவுங்க"ன்னு முடிச்சுடுவாங்க. அஞ்சு வீடு சேர்ந்து சொல்லுங்க.
மெட்ரோ வாட்டர், 1913 ரெண்டுலயும் பதிஞ்சு நம்பர் வாங்குங்க. அதோட கவுன்சிலரைப் பாருங்க.
குளோரின் டெஸ்ட் கேளுங்க. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்கணும். சில நிமிஷ வேலை.
டாக்டர்கிட்ட "எங்க தெருவில் இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு"ன்னு மறக்காம சொல்லுங்க.

17/ அந்தத் தெருக் குழாயை ஒருவழியா சரி பண்ணிட்டாங்க. யார் பண்ணாங்கன்னு ஆட்டோக்காரருக்கு இன்னும் தெரியாது. "யாரா இருந்தா என்ன டாக்டர், நல்லா இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் போனார். அவர் பெரிய மனசு. நமக்கு அது வேணாம். அடுத்த தடவை யார்னு கேளுங்க.