விரலுக்கு ஒரு நேரத்தில் ஒரு காரியம்

"தோல் சும்மாதானே கிடக்கிறது!" என்கிறார் நண்பர். போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். மணிக்கட்டில் அதிரும் கடிகாரம் கட்டியிருப்பவர். மனிதனுக்குக் கண்ணும் காதும் களைத்துவிட்டனவாம். இனிமேல் செய்திகளை ஸ்பரிசத்தின் வழியே அனுப்ப வேண்டியதுதானாம். காய் பொறுக்கும் பெண்களின் கையிலும் ஒரு பட்டையைக் கட்டிவிட உத்தேசம். வேகம் குறைந்தால் ஓர் அதிர்வு. மூட்டை மாற்ற இரண்டு. கணக்குப்பிள்ளை கூப்பிட்டால் மூன்று. கவனிக்கத் தவறினால் கூலியில் பிடித்தம்.

இதைவிட அபத்தமான யோசனையை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

மலையிலிருந்து போடி மெட்டு வழியாக இறங்கும் காய்க்கு இங்கே ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி மதிப்பு. பருமனைச் சல்லடை சொல்லிவிடும். பச்சையைக் கண் சொல்லிவிடும். உள்ளே விதை நிறைந்திருக்கிறதா, வெறும் பொக்கா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் நண்பரையே ஒரு முறத்தின் முன்னால் உட்காரவைத்தேன். கால் மணி நேரம் பொறுக்கினார்.

"கடிகாரம் எத்தனை தடவை அதிர்ந்தது?"

"இரண்டு."

வந்திருந்தவை ஐந்து. முறத்திலோ பொக்கும் நல்ல காயும் சமரசமாகக் கலந்து கிடந்தன. பக்கத்திலிருந்த அம்மாளிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். "செத்த சும்மா இருங்கய்யா. பேசினா கை தப்பிப் போகுது" என்றார் அவர்.

தோலின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை. ஜெர்மானியரான வெபர் 1834-லேயே அதை அளந்து எழுதினார். சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு முனைகள் தொட்டால், விரல் நுனி இரண்டென்று சொல்லிவிடும். முதுகுக்கோ ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வேண்டும். ஆனால் உணர்வது வேறு, கவனிப்பது வேறு. போட்டிருக்கும் சட்டை நாள் முழுவதும் உடம்பைத் தொடுகிறது, யாருக்கு நினைவிருக்கிறது? 2006-ல் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள், மனிதர்களின் உடம்பில் பல இடங்களில் ஒரே சமயத்தில் அதிர்வு கொடுத்து, எத்தனை என்று எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கை ஏற ஏறத் தவறும் ஏறியது.

"பார்வையற்றவர்கள் பிரெயிலில் ஆறு புள்ளிகளையும் ஒன்றாகத் தொட்டுப் படிக்கவில்லையா?" என்று நண்பர் மடக்கினார். படிக்கிறார்கள். அது ஆறு செய்தி அல்ல, ஐயா, ஓர் எழுத்து! அந்த எழுத்து முடிந்துதான் அடுத்த எழுத்து. படிப்பவரின் மணிக்கட்டை நடுவில் யாரும் சுரண்டுவதும் இல்லை.

கைவேலைக்குப் புத்தி வேண்டாம் என்ற பழைய இளக்காரம்தான் இப்போது கடிகாரம் கட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பெண்களின் தோல் சும்மா கிடக்கவில்லை, வேலையில் இருக்கிறது. அதன் கவனத்தைக் கலைத்துவிட்டு, கலைந்ததற்காகக் கூலியையும் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

நண்பருக்கும் இது தெரியாததல்ல. சாயங்காலம் நோட்டுக் கட்டை எண்ண உட்காரும்போது, அந்தக் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறார்.