காட்டைக் காக்கும் படிப்பு: கடன் வாங்கிப் படிக்கலாமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் நடக்கும் விவாதம் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். மருத்துவமா, பொறியியலா, வணிகவியலா என்ற மூன்று கேள்விகளுக்குள் அது முடிந்து விடும். ஆனால் அண்மைக் காலமாக நாலாவது குரல் ஒன்றும் சில வீடுகளில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. “நான் காட்டுயிர் பாதுகாப்பு படிக்கப் போகிறேன்” என்கிறார்கள் பிள்ளைகள். பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். “அதைப் படித்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். பிள்ளைக்குக் கோபம் வருகிறது. பேச்சு அத்தோடு நின்று விடுகிறது.

பெற்றோரின் கேள்வி தவறானதல்ல. பிள்ளையின் ஆசையும் தவறானதல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் தவறு. அதை இங்கே போட்டுப் பார்ப்போம்.

முதலில் செலவு. உள்நாட்டில் இப்படிப்பு பெரும் செலவு பிடிப்பதல்ல. உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் படிப்பு நீண்ட காலமாக இருந்து வருகிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்காண்டு வனவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. மேற்படிப்புக்கு டெஹ்ராடூனில் 1982இல் தொடங்கப்பட்ட இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. இவ்விரு இடங்களிலும் நுழைவது எளிதல்ல. ஒரு தொகுப்புக்கு எடுத்துக் கொள்ளப்படுவோர் மிகச் சிலரே. ஆனால் நுழைந்து விட்டவர்களுக்கு நாடு முழுவதிலும் மதிப்பு உண்டு.

வெளிநாட்டுக் கணக்கு வேறு. பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு நம் போன்ற அயல்நாட்டு மாணவர்களிடம் வாங்கும் கல்விக் கட்டணம் மட்டுமே இந்தியப் பணத்தில் 20 இலட்சத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். தங்கும் செலவு, உணவு, விசா, விமானக் கட்டணம் எல்லாம் தனி. இவற்றையெல்லாம் விட்டு விட்டு, 20 இலட்சம் மட்டும் வங்கியில் கடன் வாங்கியதாக வைத்துக் கொள்வோம். வட்டி 10 சதவீதம். பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 26,400 ரூபாய். கடைசியில் கட்டி முடிக்கும் தொகை 31 இலட்சத்துக்கும் மேல்! படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

இனி வரவு. ஊர் திரும்பும் பட்டதாரிக்கு முதலில் கிடைக்கக்கூடியது ஆராய்ச்சித் திட்ட வேலை. தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து முதுநிலையானால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இது தகுதித் தேர்வில் வென்றவர்களின் நிலை. வெல்லாதவர்கள் தனியார் தொண்டு நிறுவனங்களில் இதைவிடக் குறைந்த ஊதியத்துக்கு, திட்டம் முடியும் வரை வேலை பார்க்கிறார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 37,000 வாங்குபவர் 26,400 தவணை கட்டினால் மிச்சம் எவ்வளவு? 10,600 ரூபாய்! அதில் அவர் எப்படி வாழ்வார், தாய் தந்தையருக்கு என்ன கொடுப்பார்? எண்ணிப் பாருங்கள்!

“அரசு வேலை இருக்கிறதே” என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். இந்திய வனப்பணி (ஐ.எஃப்.எஸ்.) என்பது ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போலவே அகில இந்தியப் பணி. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். ஆனால் அண்மை ஆண்டுகளில் இந்தியா முழுமைக்கும் அறிவிக்கப்பட்ட இடங்கள் ஆண்டுக்கு 150 அளவில்தான். 2013 முதல் இதன் முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வோடு சேர்த்தே நடத்தப்படுகிறது. அதில் தேறி, ஆறு தாள்கள் எழுதி, நேர்முகத் தேர்விலும் வென்றவர்கள் நடந்தும் காட்ட வேண்டும். ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர். பெண்கள் அதே நேரத்தில் 14 கிலோமீட்டர்.

இதில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்தத் தேர்வுக்குக் காட்டுயிர் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம் தேவையே இல்லை! விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம் போதும். வனவியல், வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம் படித்தவர்களும் எழுதலாம். ஊருக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் சில ஆயிரம் ரூபாயில் விலங்கியல் படித்த பிள்ளையும், கடல் கடந்து 20 இலட்சம் செலவழித்துப் பட்டம் வாங்கி வந்த பிள்ளையும் அந்தத் தேர்வுக் கூடத்தில் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும். அப்படியானால் கடனுக்கு என்ன அவசரம்?

மாநில வனத்துறையிலும் உதவி வனப்பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் போன்ற பதவிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைக்கிறது. ஆனால் அதற்கான அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. அதை மட்டுமே நம்பி வீட்டில் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். பெருமைக்குரியவர்தான். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றவர். ஆனால் அவர் வாழ்க்கையின் முற்பகுதியை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலையில் சேர்ந்தார். ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்று 1930இல் திரும்பினால், நிதி இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்து விட்டிருந்தார்கள்! பிறகு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்துதான் உலகப் புகழ் பெற்றார். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு. பட்டம் இல்லாவிட்டால் கதவு அடைபடுகிறது. பட்டமும் பயிற்சியும் இருந்தாலும் நிதி வறண்டால் நாற்காலி காணாமல் போகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் இந்த இரண்டாவது நிலை மாறவில்லை.

அப்படியானால் “வேண்டாம்” என்று பிள்ளையைத் தடுத்து விடலாமா? கூடாது என்பதே நமது உறுதியான கருத்து. ஏனென்றால் இந்தத் துறையில் வேலை குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டில் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தையும், தேவாங்குகளுக்காகக் கடவூர் சரணாலயத்தையும் அறிவித்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, பெரிய திட்டங்களுக்கு அனுமதி பெறுமுன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகளை எழுதும் நிறுவனங்களுக்கு உயிரினங்களை அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். எந்தக் கடலில் வலை வீசலாம், எந்த மேய்ச்சல் நிலம் மூடப்படும், எந்தப் பாதை அடைக்கப்படும் என்று முடிவெடுக்கும் மேசையில் யார் உட்காருகிறார்கள்? கடலோரத்திலும் மலையடிவாரத்திலும் வாழும் எளிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்த மேசைக்கு வரவில்லை என்றால், அவர்களைப் பற்றிய முடிவை அவர்களை அறியாதவர்களே எடுப்பார்கள். பிறகு மறியல் செய்து என்ன பயன்?

ஆகவே நாம் சொல்லும் வழி இதுதான். முதற்பட்டத்தை உள்நாட்டில், இயன்றவரை அரசுக் கல்லூரியில் படிக்கட்டும். விலங்கியலோ, வனவியலோ, கால்நடை மருத்துவமோ, வேறு வாசலையும் திறக்கக்கூடிய பட்டமாக அது இருக்கட்டும். கால்நடை மருத்துவம் படித்தவருக்குக் காட்டில் வேலை இல்லாவிட்டாலும் ஊரில் வேலை உண்டு. கூடவே புள்ளியியலும், கணினியில் வரைபடம் தயாரிக்கும் புவித்தகவல் நுட்பமும் கற்கட்டும். களத்தில் தேடப்படுபவர்கள் இவை தெரிந்தவர்களே. விடுமுறையில் ஒரு மாதமாவது பறவைக் கணக்கெடுப்பிலோ களப்பணியிலோ வெயிலையும் அட்டையையும் அனுபவித்துப் பார்க்கட்டும். ஆசை நிலைக்குமா என்பது அங்கே தெரிந்து விடும். வெளிநாட்டுப் படிப்பை முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் எண்ணிப் பார்க்கட்டும். வீட்டை அடகு வைத்து அல்ல!

அரசுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டிச் சலுகை தந்து வந்த ‘படோ பர்தேஷ்’ திட்டமும், ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் 2022-23இல் நிறுத்தப்பட்டு விட்டன. மருத்துவமும் பொறியியலும் படிப்பவர் எப்படியாவது கடனை அடைத்து விடுவார். வருமானம் குறைந்த, ஆனால் நாட்டுக்கு அவசியமான இது போன்ற ஆய்வுத் துறைகளுக்கு வர நினைத்த ஏழை மாணவர்தான் இதனால் வாசலிலேயே நின்று விடுகிறார். இத்திட்டங்களை மீண்டும் கொண்டு வர வேண்டும். அதுவரை நம் ஊர்களில் உள்ள கல்வி அறக்கட்டளைகள் மருத்துவ, பொறியியல் மாணவர்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இத்துறைக்கும் ஒதுக்க முன்வர வேண்டும். ஊருக்கு ஒரு மாணவர் போதும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். உடனே கையெழுத்தும் போடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, ஒரு பக்கம் செலவையும் மறு பக்கம் வரவையும் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகும் “இதுதான் வேண்டும்” என்று சொல்லும் பிள்ளையைத் தயங்காமல் அனுப்பி வையுங்கள்.